நண்டு அறைக் கதவு

தொழிற்சாலையில் செத்துப்போன சுகந்தினியின் இறுதிச்சடங்கு முடிந்த மறுநாள் காலை, கம்பனியின் வெள்ளை வான் மார்த்தாவின் படலையடியில் வந்து நின்றது. குசினிக்குள் நின்ற மார்த்தா அதைக் கண்டாள். சண்டை முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தாலும், ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான்களைப் பேசாலையில் இன்னும் யாரும் மறக்கவில்லை. பின்கதவால் இறங்கி வேலியைத் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் வான் கதவு திறந்துவிட்டது. கணவன் பேதுரு கடலுக்குப் போயிருந்தான்.

வானிலிருந்து இறங்கியவர் மனேஜர் ரொபின்சன். மெலிந்த மனிதர். கொழும்பிலிருந்து வந்து இரண்டு வருடமாகத் தொழிற்சாலையை நடத்துகிறார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவருக்குப் பின்னால் கம்பனியின் காவல் பொறுப்பாளர் இறங்கி, படலைக்குள் வராமல் வெளியிலேயே நின்றுகொண்டார். அவர் முன்பு இராணுவத்தில் இருந்தவர். முகாமில் நிற்பவர்கள் இன்றைக்கும் அவருக்கு சலூட் அடிப்பது ஊரறிந்த விஷயம்.

ரொபின்சன் கதிரையில் இருந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டு நாளாகத் தனக்கு நித்திரை இல்லை என்றார். நாளைக்குப் பொலிஸ் வாக்குமூலம் எடுக்கக் கூப்பிடும், பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் கதைத்தாயிற்று, காட்டுகிற இடத்தில் கையெழுத்து வைத்தால் போதும் என்றார்.

“நான் என்ன சேர் சொல்லவேணும்?”

“கதவைப் பூட்டினது நான்தான் எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா. அது உண்மைதானே.”

அது உண்மைதான். அதனால்தான் அவள் பயந்தாள்.

தலைமன்னார் வீதியோரம் உயர்ந்த மதில் கட்டி எழும்பிய நண்டுத் தொழிற்சாலை அது. அவித்த நண்டை உடைத்துச் சதையை எடுத்துத் தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பேசாலைப் பெண்களும், தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பி வந்த பெண்களும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்தார்கள். முதல் நாளே வேலைக்குச் சேர்ந்தவர்களில் மார்த்தாவும் ஒருத்தி. நாற்பத்திரண்டு வயது, பிள்ளைகள் இல்லை, கைச்சுத்தம் உள்ளவள். அடுத்த வருடம் நண்டு அறைக்கு அவளைச் சுப்பவைசராக்கினார்கள்.

சுகந்தினி சேர்ந்தது ஆறு மாதம் முந்தி. இருபத்தாறு வயது. மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே ஜெகதீபனைக் கலியாணம் கட்டியவள். ஊருக்குத் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபடி இருவரும் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நாட்களில் சதைத் தகரங்கள் காணாமல் போகத் தொடங்கின. ரொபின்சன் மார்த்தாவைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, வேலை நேரத்தில் நண்டு அறையை வெளியில் பூட்டி, திறப்பை அவளையே வைத்துக்கொள்ளும்படி சொன்னார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. யாருக்கும் அவசரம் வந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, தட்டுவார்கள்தானே, நீங்கள் திறப்பீர்கள்தானே என்றார். அவள் திறப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முதல் கிழமை அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெருமைதான் அவளைக் குத்தியது.

நண்டு அறையின் சுவருக்குப் பின்னால் அமோனியா காஸில் ஓடும் குளிரூட்டும் இயந்திரம். ஒரு கிழமையாக அந்தப் பக்கமிருந்து மூக்கை அரிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது. கண் எரிகிறது என்று சுகந்தினி இரண்டு தரம் சொன்னாள். மார்த்தா போய் ரொபின்சனிடம் சொன்னாள். குழாய் திருத்துகிற ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும், நண்டு வாங்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குள் இயந்திரத்தை நிற்பாட்ட முடியாது என்றார் அவர்.

வெளிநாட்டு ஆட்கள் வந்தது வியாழக்கிழமை. அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க மார்த்தாவை முன் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். வழக்கம்போலக் கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். பதினொரு மணியளவில் குழாய் வெடித்தது.

முதலில் பொத்தென்று ஒரு சத்தம். பிறகு கதவில் கைகள் அடிக்கிற சத்தம். மார்த்தா தட்டத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். முன் மண்டபத்தையும் நண்டு அறையையும் இணைக்கும் ஓடையின் நடுவில் ரொபின்சன் குறுக்கே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதும் மெதுவாகத்தான் பேசினார்.

“பொறுங்கோ. இப்ப திறந்தால் காஸ் இந்தப் பக்கம் வரும். வெளிநாட்டு ஆக்களை முதல்ல வெளியில எடுக்கவேணும்.”

அவள் நின்றாள். விருந்தாளிகளை ஒவ்வொருவராக முன்வாசலால் இறக்கினார்கள். ஒருவர் தன் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். மார்த்தாவின் வாய் தன்பாட்டில் பரலோக மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும்போது ரொபின்சன் கையை விட்டார்.

கதவு திறந்ததும் பத்துப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராக வெளியில் விழுந்தார்கள். மேசையின் கழுவு தொட்டிப் பக்கத்து முனையில் இருந்த சுகந்தினி வரவில்லை.

இந்தக் கையைப் பிடித்த விஷயத்தை மார்த்தா யாரிடமும் சொல்லவில்லை. பேதுருவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், நீ ஏன் நின்றாய் என்று கேட்பான்.

வான் வந்து போன மறுநாள், பொலிசில் ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார். தமிழ் தெரிந்தவர் லீவு. அரைகுறைத் தமிழில் கேட்டார், அவள் சொன்னாள், அவர் தலை நிமிராமல் எழுதினார். மனேஜர்தான் பூட்டச் சொன்னவர் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். பேனா அந்த இடத்தில் அசைந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்ததைச் சொல்ல வாயெடுத்தபோது, திறந்திருந்த கதவு வழியாகப் பொறுப்பதிகாரியின் அறை தெரிந்தது. அங்கே கம்பனியின் காவல் பொறுப்பாளர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவர் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். மார்த்தா அதைச் சொல்லாமல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

ஒரு மணித்தியாலத்தில் அவளை ஜீப்பில் ஏற்றி நீதவானிடம் கொண்டுபோனார்கள். பதினான்கு நாள் விளக்கமறியல். வவுனியாச் சிறையில் சீமெந்து நிலத்தில் முப்பது பெண்களோடு படுத்தாள். யாருடைய கையாவது சுவரில் பட்டால் எழும்பி உட்கார்ந்துவிடுவாள். கஞ்சா வழக்கில் வந்த ஒரு பெண் பக்கத்தில் படுத்து அவள் முதுகைத் தடவிவிடுவாள். பதினைந்தாம் நாள் பேதுருவும் அவனது மச்சானும் ஆட்பிணை நின்று அவளைக் கூட்டி வந்தார்கள்.

சட்டத்தரணி உம்மு குல்சூமை அவள் சந்தித்தது மன்னார் பட்டினத்தில் இருந்த சட்ட உதவிக் கந்தோரில். எருக்கலம்பிட்டியில் பிறந்து, ஏழு வயதில், புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது குடும்பத்தோடு போய், புத்தளத்தில் படித்துத் திரும்பி வந்தவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாக்குமூலத்தின் பிரதியை எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினார். தன்னுடைய வாக்குமூலத்தை மார்த்தா அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டாள். ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில் கதவைப் பூட்டிவிட்டு, அனுமதியின்றித் தேநீர் அருந்தச் சென்றேன்’ என்று அதில் இருந்தது.

மார்த்தா அந்தப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பூட்டினது நான்தானே மிஸ். பிறகு கம்பனியை எப்பிடிப் பிடிக்கிறது?”

“பூட்டினதுக்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேணும். அதிலயிருந்து நான் உங்களைத் தப்ப வைக்கிறன் எண்டு சொல்லமாட்டன். ஆனால் பூட்டச் சொன்னது ஆர், பழுதெண்டு தெரிஞ்சும் மிசினை ஓடவிட்டது ஆர்? கம்பனி எண்டு எழுதினால் ஒருத்தரும் ஜெயிலுக்குப் போகமாட்டினம். சட்டத்தில கம்பனியும் ஒரு ஆள்தான், ஆனால் கையில விலங்கு போட அதுக்குக் கை இல்லை. எங்களுக்குப் பேர் வேணும். பேருக்குச் சாட்சி வேணும்.”

பிறகு, கதவைத் தட்டத் தொடங்கியதுக்கும் திறந்ததுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்டார். மார்த்தா நிலத்தைப் பார்த்தாள். உம்மு குல்சூம் துருவவில்லை. மரண விசாரணையில் மௌனமாக இருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றார். பேசினால் அது அவளுக்கு எதிராகவே திரும்பலாம், ஆனால் பேசுவதென்றால் பாதியைச் சொல்லிப் பாதியை விடக்கூடாது என்றார்.

தொழிற்சாலை மூன்றாம் கிழமையே திரும்பத் திறந்தது. பெண்கள் திரும்பப் போனார்கள். மார்த்தா பெற்றிசியாவைத் தேடிப் போனாள். நண்டு மேசையில் சுகந்தினிக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள். இரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள். கடைசிச் சண்டையில் புருசன் காணாமல் போனபிறகு மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவள். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினாள்.

“எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை அக்கா.”

காஸ் பட்ட கண் இன்னும் சிவந்தே இருந்தது. மார்த்தா திரும்பி வந்தாள்.

அந்த மாதத்தில் பேதுருவின் நண்டை எந்த வியாபாரியும் எடுக்கவில்லை. காரணம் கேட்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு ஓட்டி வந்தவன் இறங்காமலே இருப்பான். பத்து நிமிடத்தில் போய்விடுவான். அவன் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. பொலிசில் முறையிட அதில் என்ன இருக்கிறது? நாலு மணி ஆனதும் மார்த்தா வீதியையே பார்த்துக்கொண்டிருப்பாள். சோற்றுப் பானையை இறக்க மறந்துபோவாள். பேதுரு ஒருநாள் வீதிக்கு இறங்கப் போனபோது அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியில் வரும்போது கோவில் மதிலடியில் ரொபின்சன் நின்றார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, அவரும் பூசைக்குத்தான் வந்திருந்தார். குற்றத்தை ஒத்துக்கொள்ளும்படி சொன்னார். ஒத்திவைத்த தண்டனைதான் கிடைக்கும், கம்பனியே சட்டத்தரணியை வைக்கும், விஷயம் அதோடு முடியும் என்றார். அவர் போகத் திரும்பிவிட்டு நின்றார்.

“உங்கட தம்பி மில்ரன் புனர்வாழ்வில இருந்து வந்து ஒரு வருசம் இருக்குமோ? பாவம். அவர் நிம்மதியா இருக்கவேணும் எண்டுதான் எனக்கும் விருப்பம்.”

மார்த்தா அங்கிருந்து நேரே மில்ரனிடம் போனாள்.

மில்ரன் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். புலிகள் இயக்கம் வீட்டுக்கொருவரைப் படைக்குக் கேட்ட காலத்தில் வன்னியில் அகப்பட்டுக்கொண்டவன். சண்டை முடிந்ததும் புனர்வாழ்வு என்ற பெயரில் இராணுவத் தடுப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே என்ன நடந்தது என்று சொல்லமாட்டான். அவள் ரொபின்சன் சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் எழும்பி ஜன்னலைச் சாத்தினான். சாத்திவிட்டுத் திரும்பியபோது முகம் சாம்பலாகியிருந்தது.

“ஒத்துக்கொள் அக்கா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். நான் திரும்ப அங்க போக ஏலாது.”

சரி என்றாள். மாதா சுரூபத்தில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினாள்.

மரண விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது ஜெகதீபன் வந்தான். மத்தியான வெயில். படலையடியில் அவனைக் கண்டதும் அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று மார்த்தா நினைத்தாள். அடித்தால் அடிக்கட்டும் என்று முற்றத்தில் இறங்கி நின்றாள். அவன் தாடி வளர்ந்து, வெட்டுக் கிணறு மாதிரிக் கண் குழிந்திருந்தான்.

“அவ கதவைத் தட்டினவவோ?”

“எல்லாரும் தட்டினவை.”

“கனநேரமோ?”

அவன் குரலில் கோபம் இல்லை. சில நிமிடம் எடுத்திருக்கும் என்றுதான் டாக்குத்தர் சொன்னவர், சில நிமிடம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை என்றான்.

“நான் மூச்சைப் பிடிச்சுப் பாக்கிறன் அக்கா. ஒவ்வொரு நாளும் பாக்கிறன். எவ்வளவு எண்டு தெரிஞ்சால் அதோட விட்டிடுவன்.”

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஓடையில் ரொபின்சன் கையைப் பிடித்ததையும், தான் நின்றதையும், மூன்று பரலோக மந்திரம் சொன்னதையும் சொன்னாள். ஜெகதீபன் சைவக்காரன். அந்த மந்திரம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது.

“சொல்லிக் காட்டுங்கோ,” என்றான்.

மார்த்தா முற்றத்து மணலில் நின்று சொன்னாள். முதல் தரம் அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாம் தரம் சொல்லும்போது மூச்சைப் பிடித்திருந்தான் என்பதைக் கண்டாள். நிற்பாட்டப் பார்த்தாள். அவன் சொல்லும்படி கையைக் காட்டினான். மூன்றாம் தரம் பாதியில் அவன் கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து, பெரிய சத்தத்தோடு மூச்சு உள்ளே போனது. அவன் குந்தியிருந்து இருமினான். அவள் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். அவன் எழும்பிப் போய்விட்டான்.

அன்று முழுவதும் மார்த்தா சாப்பிடவில்லை. மில்ரனுக்குச் செய்த சத்தியத்தை நினைத்து ஒத்துக்கொள்வதென்று முடிவெடுத்தாள். ஜெகதீபனின் மூச்சை நினைத்ததும் அந்த முடிவு நிற்கவில்லை. கடைசியில் பேதுருவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஏன் நின்றாய் என்று கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குத் தானும் வருவதாக மட்டும் சொன்னான்.

மன்னார் நீதிமன்றத்தில் கம்பனிக்காகக் கொழும்பிலிருந்து மூன்று சட்டத்தரணிகள் வந்திருந்தார்கள். ரொபின்சன் முன்வரிசையில் இருந்தார். காவல் பொறுப்பாளர் கதவடியில் நின்றார். சந்தேக நபர் பேச விரும்புகிறாரா என்று நீதவான் தமிழில் கேட்டார். உம்மு குல்சூம் மார்த்தாவைப் பார்த்தார். கூண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு, பேசுகிறேன் என்றாள்.

பூட்டியதைச் சொன்னாள். பூட்டச் சொன்னவரைச் சொன்னாள். மணம் வந்ததை, அறிவித்ததை, ஓடையில் நடந்ததைச் சொன்னாள். பொலிசில் எழுதிய மொழி தனக்குத் தெரியாது என்றாள். சொல்லச் சொல்லக் குரல் மெலிந்துகொண்டு போனது. இரண்டு தரம் சத்தமாகச் சொல்லும்படி நீதவான் கேட்டார்.

கம்பனியின் மூத்த சட்டத்தரணி எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“மனேஜர் உங்களை அடித்தாரா?”

“இல்லை.”

“திறப்பு உங்கள் கழுத்தில் இருந்தது. உள்ளே பெண்கள் கத்துகிறார்கள். நீங்கள் ஏன் கையை உதறவில்லை?”

“பயம்.”

“என்ன பயம்?”

மார்த்தா பேதுரு இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு நீதவானைப் பார்த்தாள்.

“வேலை போயிடும் எண்ட பயம்.”

சட்டத்தரணி, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தான் வென்றுவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம். நீதவான் சிறிது நேரம் எழுதினார். நிமிர்ந்து, ரொபின்சனையும் சந்தேக நபராகச் சேர்த்து விளக்கமறியலில் வைக்கும்படி சொன்னார். இயக்குநர்களின் பெயர்களைப் பதிவாளரிடம் பெற்று அடுத்த தவணைக்குச் சமர்ப்பிக்க வேண்டும், தப்பிய பத்துப் பெண்களிடமும் வேறு நிலையத்து அதிகாரி ஒருவர் தமிழில் வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். ரொபின்சன் எழும்பியபோது தன் சேட்டுக் கையை ஒழுங்காக மடித்துக்கொண்டார். பொலிசார் அவரைக் கொண்டுபோவதை மார்த்தா கண்டாள். அதைக் கண்டு அவளுக்குப் பயம் குறையவில்லை.

மூன்றாம் நாள் மில்ரனை இராணுவ முகாமுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போனவன் இருட்டும் நேரம் வந்தான். மறுநாளும் போகச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் மார்த்தா முகாமுக்கு எதிரே வீதியோரப் பூவரச மரத்தின் கீழ் நின்றாள். இரண்டாம் நாள் வெளியில் வந்தவன் அவளைத் தாண்டி நடந்தான். கிழமை முடியமுன் வெள்ளாங்குளத்தில் ஒரு சொந்தக்காரரின் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் அந்தக் கதையை எடுக்கமாட்டான்.

பத்துப் பெண்களில் நாலு பேர் சாட்சி சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவள் பெற்றிசியா. ஞாபகம் வந்துவிட்டது என்று மட்டும் மார்த்தாவிடம் சொன்னாள்.

வழக்கு நாலு வருடம் இழுபட்டது. இயக்குநர்கள் இருவரில் ஒருவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். மற்றவர் மன்னாருக்கே வந்தறியாதவர், கதவு பூட்டுவது அவருக்கு எப்படித் தெரியும் என்று அவரது சட்டத்தரணி வாதாடி அவரை விடுவித்துக்கொண்டார். ரொபின்சனுக்கு இரண்டு வருடக் கடூழியச் சிறை கிடைத்தது. அவர் மேன்முறையீடு செய்து பிணையில் வெளியில் வந்தார். கதவைப் பூட்டிய குற்றத்தை மார்த்தா ஒத்துக்கொண்டாள். அவளுக்கு ஒத்திவைத்த தண்டனை. கம்பனி கலைந்து, அதே மதிலுக்குள் வேறு பெயர்ப்பலகை ஏறியது. பெற்றிசியா அங்கே வேலைக்குப் போகிறாள். புதுக் கதவுகள் உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் என்று அவள்தான் வந்து சொன்னாள்.

மடு மாதா கோவில் திருவிழா முடிந்த கிழமை ஜெகதீபன் உம்மு குல்சூமோடு வீட்டுக்கு வந்தான். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவன் மார்த்தாவோடு பேசியதில்லை. வெளிநாட்டுக்குப் போன இயக்குநரின் பேரிலும், புதுப் பெயரில் நடக்கும் கம்பனியின் பேரிலும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடப் போவதாகச் சொன்னான். வெல்லுவோமா என்று தெரியாது, ஐந்தாறு வருடம் ஆகலாம் என்று உம்மு குல்சூம் சொன்னார். பழைய சட்டத்தரணிகளே திரும்ப வருவார்கள், பழைய கேள்விகளையே திரும்பக் கேட்பார்கள், இந்த முறை இன்னும் கடுமையாக இருக்கும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

“நீங்கள் வந்தால்தான் வழக்கு நிக்கும் அக்கா,” என்றான் ஜெகதீபன்.

வீதியில் ஏதோ வாகனம் போனது. மார்த்தா அது தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள்.

“எத்தினையாம் திகதி?” என்று கேட்டாள்.

அவன் சொன்னான். வாறன் என்றாள்.